டோங்காவின் முகமும் நாகர் தலைவனின் நகையும்: சித்திர மாந்தர் படைப்பில் மெய்ப்பாட்டின் இடம்

முன்னுரை

சித்திரத்தில் வரும் மாந்தர் படிப்போர் நெஞ்சில் நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவிற்கு, படக்கதை வரையக் கற்பிப்போர் இன்று ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றனர். உருவத்தின் புறக்கோடு தனித்துத் தெரிய வேண்டும். ஏதேனும் ஓர் உறுப்பை மிகைப்படுத்த வேண்டும். நல்லவருக்கு வட்டமும் தீயவருக்குக் கூர்முனையும் அடிப்படை வடிவங்களாக அமைய வேண்டும். கண்டவுடன் இன்னார் என அறியத்தக்க ஒற்றை அடையாளம் ஒன்று வேண்டும் என்பன அவ்விடையின் கூறுகள். இவை பயனற்றவை அல்ல. ஆயின் இவையே போதும் என்னும் கருத்துப் பிழையானது; பிழையானது மட்டுமன்று, தீங்கு விளைப்பதும் ஆகும். நினைவில் நிற்பன எல்லாம் பாத்திரங்கள் ஆகிவிடா. அச்சமூட்டும் முகமூடியும் நினைவில் நிற்கும்.

இதனை மெய்ப்பிக்க அந்தமான் தக்கதொரு களமாகும். அந்தமான் மனிதரின் உருவம் ஏறத்தாழ 600 ஆண்டுகளாக வரையப்பட்டு வருகிறது. வரைந்தோரிற் பெரும்பாலோர் அவரைக் கண்டதில்லை. கண்டோர் சிலரும் அவரை மனிதராகக் காணவில்லை. அவ்வுருவங்கள் மறவாமல் நிலைத்தன, மனிதர்தாம் மறக்கப்பட்டனர்.

இது பழங்கதை அன்று. போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) நகரை அடுத்துள்ள புரோத்ராபூரில் பள்ளி செல்லும் தமிழ்க் குழந்தை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். அக்குழந்தை வாழும் தெற்கு அந்தமானிலேயே, மேற்குக் கரையோரக் காட்டில் ஜாரவா மக்கள் வாழ்கின்றனர். அக்குழந்தை அவர்களை நெருங்கிப் பழகப் போவதில்லை. அவர்தம் காப்புக்காட்டிற்குள் பிறர் நுழைவதை 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி தடுக்கிறது. தடுப்பதே முறையும் ஆகும். எனவே ஒரே தீவில் வாழும் மனிதரைப் பற்றி அக்குழந்தை கொள்ளும் மனப்பதிவு பெரும்பகுதியும் கேட்ட கதையாலும் கண்ட படத்தாலும் அமைவது. படம் வரைவோரின் பொறுப்பு இங்கு மிகப் பெரிது. இப்பொறுப்பினை அளந்தறிய மேற்கூறிய பயிற்சி விதிகள் உதவா. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உதவும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நாய்த்தலை வணிகர்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான மார்க்கோ போலோவின் பயண நூல், அந்தமான் தீவினரை நாய்த்தலையும் நாய்ப்பல்லும் உடையவர் என்றும், அயலாரைப் பிடித்துத் தின்பவர் என்றும் கூறுகிறது. அவர் அத்தீவில் தங்கிக் கண்டெழுதிய செய்தி அன்று இது. கடலோடிகளிடையே வழங்கிய கட்டுக்கதை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1410ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் உருவான 'அற்புதங்களின் நூல்' என்னும் சுவடியில் இச்செய்தி ஓவியமாயிற்று. பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ள அச்சுவடி இன்றும் உலகப் புகழ்பெற்றது.

அவ்வோவியத்தில் நாய்த்தலை மனிதர் நீண்ட அங்கி அணிந்து வணிகம் புரிகின்றனர். பயிற்சி நூல்கள் கேட்கும் அனைத்தும் அதில் உள்ளன. புறக்கோடு தனித்துத் தெரிகிறது. ஒற்றை அடையாளம் உள்ளது. ஒருமுறை கண்டவர் மறவார். எனினும் அவ்வோவியத்தில் உயிருள்ள பகுதி எது என நோக்கினால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். உடல்களின் நிலையும் கைகளின் பேச்சும் உண்மையானவை. பேரம் பேசும் மனிதர் எவ்வாறு நிற்பர் என்பதை ஓவியர் தம் ஊர்ச் சந்தையில் கண்டிருந்தார். தலை மட்டுமே பொய். அது அவர் கேட்டது. கண்டதை வரைந்த இடத்தில் மனிதர் தோன்றினார். கேட்டதை வரைந்த இடத்தில் முகமூடி தோன்றியது. பின்வந்த நூற்றாண்டுகள் கையை மறந்து தலையையே பற்றிக்கொண்டன.

டோங்கா என்னும் முகமூடி

அடுத்த பெரிய உருவம் 1890இல் தோன்றியது. ஆர்தர் கோனன் டாயிலின் இரண்டாம் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலான 'நால்வரின் அடையாளம்' அவ்வாண்டு பிப்ரவரியில் இதழொன்றில் வெளிவந்தது. அந்தமான் தண்டனைக் குடியேற்றத்திலிருந்து தப்பிய ஜொனாதன் ஸ்மால் என்னும் ஆங்கிலக் கைதியுடன் இலண்டனுக்கு வரும் தீவினன் டோங்கா. குள்ளமான உடல், பெரிய கோணல் தலை, சடைபிடித்துக் கலைந்த மயிர், ஊதுகுழலில் நஞ்சுமுள் என அவன் உருவம் அமைகிறது. அந்நாவலுக்குப் பின்னாளில் படம் வரைந்தோர்க்கும் அதனைத் திரைப்படமாக்கியோர்க்கும் இவ்வுருவமே மூலப்படிவமாயிற்று.

இவ்வடையாளங்களை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும். அந்தமானியரின் படைக்கலம் வில்லும் அம்பும். ஊதுகுழல் அவரிடம் வழக்கில் இல்லை. அவர்தம் மயிர் குறுகிச் சுருண்டது. அதனையும் கூரிய கற்சில்லாலும் கண்ணாடிச் சில்லாலும் மழித்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இருந்தது. சடைபிடித்த மயிர் என்பது ஓவியக் கற்பனையே. மனித ஊன் உண்பவர் என்னும் பழியை, அத்தீவில் பல்லாண்டு பணியாற்றிய இ. எச். மேன் 1880களின் முற்பகுதியில் வெளியிட்ட ஆய்விலேயே மறுத்துவிட்டார். அதாவது நாவல் தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உண்மை அச்சில் கிடைத்தது. அறியாமையால் நேர்ந்த பிழை என இதனை மன்னித்தல் இயலாது. உண்மை கையெட்டும் தொலைவில் இருந்தும், மறவாத உருவம் வேண்டும் என்னும் தேவை அதனைப் புறந்தள்ளியது.

நாவலில் டோங்கா தன் வாயால் பேசுவதில்லை. நோயுற்றுச் சாகக் கிடந்த அவனை ஸ்மால் பேணியதும், அதனால் அவன் நன்றி மறவாத் துணைவன் ஆனதும் ஸ்மாலின் வாய்மொழியாகவே வருகின்றன. நன்றியுடைமை என்னும் அப்பண்பு ஒன்றே ஒரு பாத்திரத்திற்குப் போதிய கருப்பொருள். ஆயின் கதையில் உருவம் பெற்று எஞ்சியது ஊதுகுழல் ஏந்திய முகம் மட்டுமே. இதனினும் கொடியது ஒன்று உண்டு. இங்கிலாந்து வந்த ஸ்மால், டோங்காவைச் சந்தைகளில் 'ஊனுண்ணும் கருப்பன்' எனக் காட்சிப்படுத்திப் பிழைக்கிறான். பச்சை இறைச்சி தின்றும் போர்க்கூத்து ஆடியும் டோங்கா காட்ட, நாணயங்கள் குவிகின்றன.

2012 சனவரியில் வெளியான காணொளி ஒன்று இக்காட்சியை நினைவூட்டியது. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் அதில் பதிவாகியிருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அவ்வாண்டே திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 1890இன் கற்பனைச் சந்தையும் 2012இன் காட்டுச் சாலையும் ஒரே பார்வையால் பிணைக்கப்பட்டவை. அங்குள்ளவர் மனிதர் அல்லர், காட்சி என்பதே அப்பார்வை. அப்பார்வையைப் படங்களே உண்டாக்கின எனல் மிகையாகும்; படங்கள் அதனைப் பேணி வளர்த்தன எனல் மிகையன்று.

அளவுகோலின் முன் நின்றோர்

கேட்டதை வரைந்ததே குற்றம், கண்டு பதிந்திருந்தால் உண்மை கிடைத்திருக்கும் எனச் சிலர் கூறலாம். இதுவும் முழு விடையாகாது. அந்தமான் அதிகாரியாக இருந்த மொரிஸ் விடால் போர்ட்மன் 1890களில் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காக அந்தமானியரை ஒளிப்படம் எடுத்துத் தொகுத்தார். கட்டங்கள் வரைந்த திரையின் முன் ஆடையின்றி நிறுத்தி, முன்புறமும் பக்கவாட்டிலுமாக உடலின் அளவு தெரியும்படி எடுக்கப்பட்ட படங்கள் அத்தொகுப்பில் உள்ளன. அவற்றில் பொய் இல்லை, மனிதரும் இல்லை. உயரம் உண்டு, தோளகலம் உண்டு. அவர் எதனை எண்ணிச் சிரிப்பார், எதற்கு அழுவார் என்பது இல்லை.

நாய்த்தலை ஓவியம் முகத்தைப் பொய்யாக்கியது. அளவுப்படம் முகத்தை எண்ணாக்கியது. இரண்டிலும் விடுபட்டது ஒன்றே. அதற்குத் தமிழில் மெய்ப்பாடு என்று பெயர்.

மெய்ப்பாட்டியல் தரும் அளவை

உள்ளத்து நிகழ்வது உடலின்கண் புலப்படுதல் மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டனைக் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என வகுக்கிறது. ஆக நிலைக்களன் முப்பத்திரண்டு. செய்யுளுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணம் சித்திரத்திற்கும் பொருந்துவதில் தடையில்லை. மெய்யின்கண் தோன்றுவதைக் காட்டுதல் ஓவியத்திற்கு இயல்பாகவே உரிய தொழில்.

இம்முப்பத்திரண்டு களன்களுள் தோலின் நிறமோ மூக்கின் வடிவோ பிறந்த குலமோ இடம்பெறவில்லை. பெருமிதம் கல்வியாலும் தறுகண்மையாலும் புகழாலும் கொடையாலும் பிறக்கிறது. வெகுளிக்கு உறுப்பறுத்தலும் குடிக்குச் செய்யும் கேடும் அலைத்தலும் கொலையும் களன்கள். மனிதர்க்கு நேர்வதும் மனிதர் செய்வதுமே அவர்தம் முகத்தை ஆக்குகின்றன என்பது இதன் உட்கிடை. பயிற்சி நூல்கள் உருவிலிருந்து குணத்திற்குச் செல்கின்றன. மெய்ப்பாட்டியல் நிகழ்விலிருந்து உருவிற்குச் செல்கிறது.

எதிர்த்தரப்பு இங்கு ஒரு கேள்வி எழுப்பலாம். மருட்கையின் களன்களுள் புதுமையும் சிறுமையும் உள்ளன; அச்சத்தின் களன்களுள் அணங்கும் விலங்கும் கள்வரும் உள்ளனர்; டோங்காவின் குள்ள உருவும் விலங்கனைய முகமும் திருட்டுச் செயலும் இவற்றுள் அடங்கும் அல்லவா எனலாம். அடங்கும். ஆனால் இவ்விடத்தேதான் உண்மை வெளிப்படுகிறது. சுவைக்கப்படும் பொருள் வேறு, அதனால் எழும் உணர்வு வேறு, அவ்வுணர்வு உடலிற் புலப்படுதல் வேறு என உரை மரபு பிரித்துரைக்கும். டோங்காவைக் கண்டு மருள்பவர் வாட்சன், அஞ்சுபவர் வாசகர். மெய்ப்பாடு முழுவதும் காண்போரிடமே உள்ளது. காணப்படுவோனிடம் ஒன்றும் இல்லை. அவன் பிறர் அச்சத்திற்குப் பொருள் மட்டுமே. தனக்கென ஒரு மெய்ப்பாடும் இல்லாத உருவம் பாத்திரம் ஆகாது, அது பூச்சாண்டி.

அச்சத்தின் நான்காம் களன் இறை, அதாவது ஆள்வோன். டோங்காவின் மக்கள் உண்மையில் அஞ்சவேண்டியிருந்தது அதற்கே. 1858இல் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1859 மே மாதம் அபர்டீனில் வில்லேந்தி எதிர்த்தனர். 1877இல் தட்டம்மை பரவி ஊர்கள் அழிந்தன. பல்லாயிரவராக மதிப்பிடப்பட்ட பெருந்த அந்தமானியர் 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தனர். இந்த அச்சத்தை அந்தமானியர் முகத்தில் வரைந்த ஓவியம் அரிது. அவரைக் கண்டு பிறர் அஞ்சுவதாக வரைந்தவை பல.

நாகர் தலைவனின் நகை

இத்தகைய உருவத்தைத் தமிழிலக்கியமும் அறியும். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து நாகர் மலையை அடைகிறான். அங்குள்ளோர் ஆடையற்றவர், மனித ஊன் உண்பவர். அந்நிலம் நக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார் என்பார் உளர். அம்முடிவு இங்கு வேண்டுவதன்று. கடற்கதைகளில் வழங்கிய அதே கட்டுக்கதையைச் சாத்தனாரும் எடுத்தாள்கிறார் என்பது மட்டுமே நோக்கத்தக்கது. இவ்வகையில் தமிழ்க் காப்பியம் குற்றமற்றது எனல் நேர்மையாகாது.

எனினும் வேறுபாடு பெரிது. சாதுவன் நாகர் மொழியை அறிந்தவன். அதனாலேயே உயிர் பிழைக்கிறான். தலைவன் விருந்தினனுக்குக் கள்ளும் ஊனும் தந்து உபசரிக்கச் சொல்கிறான். அவன் மறுத்தபோது சினக்கிறான். உயிர் உடல்விட்டு வேறோர் இடம் புகும் என்பதைக் கேட்டு நகைக்கிறான். அது எவ்வாறு புகும் எனச் சான்று கேட்கிறான். விடையில் நிறைவுற்றபின் பணிகிறான். வெகுளி, நகை, ஐயம், பணிவு என ஓர் உரையாடலுக்குள் நான்கு நிலைகள். நாகர் தலைவன் மறக்கவொண்ணாதவனாக விளங்குவது எலும்புக் குவியலால் அன்று. அறிஞன் போல எதிர்வினா எழுப்புவதால். அவனை வரையும் ஓவியர் அந்நகையை வரைந்தால் பாத்திரம் கிடைக்கும். எலும்பை மட்டும் வரைந்தால் மற்றுமொரு டோங்கா கிடைப்பான்.

ஸ்மாலும் டோங்காவின் மொழியைச் சிறிது கற்றவனே. சாதுவன் மொழியை உரையாடலுக்குப் பயன்படுத்தினான். ஸ்மால் காட்சிக்குப் பயன்படுத்தினான். மொழியறிவு மட்டும் போதாது, எதிரிலுள்ளவர் மறுமொழி கூறவும் இடம் வேண்டும் என்பது இவ்விருவரால் பெறப்படும்.

இதழ் ஓவியர் காட்டிய வழி

20ஆம் நூற்றாண்டுத் தமிழ் இதழ் ஓவியம் இவ்வுண்மையை நடைமுறையில் நன்கறிந்திருந்தது. 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள் இதற்குச் சான்று. நந்தினி, குந்தவை ஆகிய இருவரும் ஒரே காலத்தவர், அரச மாளிகையினர், அழகியர். இருவரையும் எவ்வாறு வேறுபடுத்துவது? கல்கியே எழுத்தில் வழிகாட்டுகிறார். நந்தினியின் கூந்தல் ஆண்டாள் கொண்டையை நினைவூட்டுவது. குந்தவையின் கூந்தல் முடிசூடியது போன்றது. நிறமும் முகவடிவும் கூறப்படினும், வாசகர் நினைவில் நின்றது கொண்டையே. கொண்டை பிறப்பால் வருவதன்று; நாள்தோறும் கண்ணாடி முன் அமர்ந்து ஒருத்தி தானே தேர்ந்து முடிந்துகொள்வது. அது அவளது கருத்து. அவள் உலகிற்குக் காட்ட விரும்பும் முகம். இவ்வாறு தேர்ந்துகொண்டதை மிகைப்படுத்துவது பாத்திரத்தை வளர்க்கும். பிறப்பில் வந்ததை மட்டும் மிகைப்படுத்துவது பாத்திரத்தைச் சிறைப்படுத்தும்.

தேவன் படைத்த துப்பறியும் சாம்புவின் நீண்ட மூக்கு இக்கூற்றிற்கு மாறாகத் தோன்றலாம். தேவன் 1957இல் மறைந்தபின் விகடனில் கோபுலு வரைந்த படத்தொடரைக் கண்டோர் அம்மூக்கை மறவார். ஆயின் சாம்பு வாழ்வது மூக்கால் அன்று. தற்செயலாகத் துப்புத் துலங்கிவிட, ஊரார் வியந்து நிற்கையில், அவ்வெற்றி எவ்வாறு வந்தது என அறியாமல் தானும் விழிக்கும் அவ்விழிப்பே சாம்பு. மூக்கு அடையாளம், விழிப்பு மெய்ப்பாடு. ஆர். கே. லட்சுமணின் 'பொதுமனிதர்' 1951 முதல் பல பதின்ஆண்டுகள் பேசாமலே நின்றார். கட்டம்போட்ட சட்டையை எவரும் வரையலாம். ஆள்வோர் செயலைக் கண்டு மருண்டு நிற்கும் அந்நிலையை லட்சுமண் வரைந்தார்.

1983 முதல் 'டிங்கிள்' இதழில் வரும் சுப்பாண்டி மற்றொரு சான்று. நகையின் களன்களுள் ஒன்றான மடன் என்பதற்குப் பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாமை என உரைகாரர் பொருள் கூறுவர். முதலாளி சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக் குழப்பம் விளைக்கும் சுப்பாண்டி மடனின் உருவம். ராம் வயிர்க்கர் வரைந்த தலைவடிவம் அவனை அறியச் செய்கிறது. அவன் கீழ்ப்படிதல் அவனை நேசிக்கச் செய்கிறது. ஆயினும் அறிவிலி என்றால் தென்னாட்டுப் பணியாள் பெயரே நினைவுக்கு வருவது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. தமிழர் தம் பெயரில் இவ்வினாவை எழுப்பும் உரிமை உடையவர். அந்தமானியர் முகத்தைத் தமிழ் இதழ்கள் வரையும்போது அதே வினாவிற்கு விடை கூறும் கடமையும் உடையவர். கொதிக்கும் அண்டா, எலும்பு செருகிய கொண்டை, ஈட்டி ஆகியவற்றுடன் கூடிய 'நரமாமிசக் காட்டுவாசி' தமிழ் நகைச்சுவைத் துணுக்குகளில் நெடுங்காலம் உலவியதை மறுத்தற்கில்லை.

மறுப்புகளும் விடைகளும்

மிகைப்படுத்தலின்றிக் கேலிச்சித்திரம் இல்லை என்பது முதல் மறுப்பு. உண்மையே. இக்கட்டுரை மிகைப்படுத்தலை மறுக்கவில்லை. அதன் பொருளையும் திசையையும் வினவுகிறது. தோற்பாவைக் கூத்தின் உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் கோணல் உருவினரே. ஆயின் இராமகதையின் நடுவே புகுந்து மக்கள் வழக்கில் பேசிச் சிரிக்கவைப்போர் அவர்கள். எள்ளுபவர் அவர், அவர்தம் வாயில் சொல் உண்டு. டோங்காவின் வாயில் சொல் இல்லை. எள்ளல் நகையின் களன்களுள் ஒன்று என இலக்கணமே கூறும். வாய்திறக்க இயலாதவரை எள்ளுவது கலையில் எளிய செயல், அறத்தில் தாழ்ந்த செயல்.

மனிதரை விலங்காக வரைவதே இழிவு என்றால் உலகக் கலையிற் பாதியை இழக்க நேரும் என்பது இரண்டாம் மறுப்பு. இதற்குச் சென்னையிலேயே விடை உண்டு. மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம், இந்திய உணவகம் ஒன்றின் சுவரில் ஓவியம் தீட்ட இலண்டன் சென்றார். அப்பயணப் பட்டறிவை அவர் வரைந்த நூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலோடு இணைகிறது. நிலத்தடித் தொடர்வண்டி மண்புழுவாகிறது. மாலையில் மதுக்கூடங்களில் கூடும் ஆங்கிலேயர் வௌவால்களாகின்றனர். டோங்காவை இலண்டனுக்கு அழைத்துச் சென்ற மரபு இங்கு தலைகீழாகிறது. பழங்குடியினர் ஒருவர் இலண்டனைக் காண்கிறார். இவ்வௌவால் நாய்த்தலையோடு ஒப்பிடத்தக்கதா? அன்று. அவர் அம்மனிதரிடையே வாழ்ந்து, அவர்தம் பழக்கத்தைக் கண்டு, தம் ஊரில் இருள்பட வெளிப்படும் உயிரியோடு உவமித்தார். உவமைக்குப் பொதுத்தன்மை செயலில் உள்ளது, தோலில் இல்லை. விலங்குருவில் இழிவில்லை, காணாமல் சூட்டிய விலங்குருவிலேயே இழிவு.

ஜாரவாவைச் சென்று காண்பதும் படம்பிடிப்பதும் குற்றம் எனில், ஓவியர் எவ்வாறு அறிந்து வரைவர் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே வலியது. இதற்கு இருவகையில் விடை கூறலாம். ஒன்று, முறையான ஆய்வு நூல்கள் உள்ளன. 1906-08இல் அந்தமானில் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலில், நெடுநாள் பிரிந்த உறவினர் மீண்டும் சந்திக்கையில் ஒருவரையொருவர் தழுவி அமர்ந்து அழும் வழக்கத்தைப் பதிந்துள்ளார். இழவாலோ வறுமையாலோ எழும் அழுகை அன்று இது, கூடலின் அழுகை. மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நான்கு களன்களுள் இது அடங்காது. ஒரு மக்களின் மெய்ப்பாட்டை அம்மக்களிடமிருந்தே கற்கவேண்டும், கையிலுள்ள பட்டியலைக்கொண்டு அளந்துவிடலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அகா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடமிருந்து சொற்களையும் பாடல்களையும் பதிவு செய்திருந்தார். தம்மோடு ஒரு மொழியே முடியப்போவதை அறிந்து, எஞ்சிய சொற்களை அயலார்க்குச் சொல்லிக்கொடுத்த மூதாட்டியின் முகம், கல்வியாற் பிறந்த பெருமிதத்திற்கு உரியது. அவ்வழுகையும் இப்பெருமிதமும் குழந்தைகள் நூலில் இடம்பெற்றால் டோங்காவின் ஊதுகுழல் தானே உதிரும்.

மற்றொன்று, அறியாத முகத்தை வரையாதிருத்தலும் ஓவியரின் கடமையே. ஜாரவா முகத்தை வரைந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் எந்தக் குழந்தை நூலுக்கும் இல்லை.

முடிவுரை

சித்திர மாந்தர் நினைவில் நிற்பதும் உணர்வைக் காட்டுவதும் ஒன்றல்ல என்பதும், உணர்வு காண்போரிடம் மட்டும் நிகழாமல் காணப்படுவோரிடமும் நிகழ்தல் வேண்டும் என்பதும் மேற்கூறியவற்றால் பெறப்பட்டன. இவற்றின் அடிப்படையில் சித்திரம் வரைவோரும் வெளியிடுவோரும் கைக்கொள்ளத்தக்க அளவைகள் மூன்று.

முதலாவது, ஒரு சமூகத்தினர் இருவரை ஒரே படத்தில் வரைந்து, நிறத்தையும் உடையையும் நீக்கி நோக்குதல். அந்நிலையிலும் இருவரும் வேறுவேறு ஆளாகத் தெரிந்தால் அவர் மாந்தர், தெரியாவிடில் அச்சு. நந்தினியும் குந்தவையும் இத்தேர்வில் வென்றவர். இரண்டாவது, மிகைப்படுத்திய உறுப்பு அம்மாந்தர் தேர்ந்ததா, செய்ததா, பிறப்பில் வந்ததா என வினவுதல். மூன்றாவது, அப்படத்தில் உள்ளவர் தம் பொருட்டு நகுவாரா, அழுவாரா, வெகுள்வாரா என நோக்குதல். பிறரை நடுங்கச் செய்வது மட்டுமே அவர் தொழிலாயின் அப்படத்தை விலக்கல் வேண்டும்.

புரோத்ராபூர்க் குழந்தைக்கு வேண்டிய நூல் இனித்தான் வரையப்படவேண்டும். அதற்குரிய மாந்தர் தொலைவில் இல்லை. தெற்கு அந்தமானின் சந்தையிலும் படகுத்துறையிலும் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் ராஞ்சி மக்களும், தண்டனைக் குடியேற்றத்தாரின் வழிவந்தோரும் ஒருவரோடொருவர் பேரம் பேசி, சினந்து, சிரித்து வாழ்கின்றனர். பாரிசு ஓவியர் தம் ஊர்ச் சந்தையில் கண்ட கைகளை உண்மையாக வரைந்தது போல, அக்குழந்தையின் ஊர்க் கைகளையும் முகங்களையும் முதலில் வரையலாம். அவற்றில் மனிதரைக் காணப் பழகிய கண், காட்டினுள் வாழ்வோரையும் மனிதராகவே எண்ணும். தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் அந்தமானைக் கதைக்களமாகக் கொள்ளும்போது, தலைநிலத்தில் இருந்துகொண்டு கேட்டதை வரையாமல், அத்தீவில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞரிடமே தூரிகையைத் தருதல் வேண்டும். அதுகாறும் எலும்பு செருகிய கொண்டையும் கொதிக்கும் அண்டாவும் அச்சேறாமல் காத்தல் இதழாசிரியர்தம் கடன்.